குடைக்குக் கீழே ஒரு சாண் பாசி

நான் கத்தியது ஒரு குடையைப் பார்த்து.

கறுப்புக் குடை. வளைந்த மரக்கைப்பிடி போட்ட, ஆண்கள் பிடிக்கிற பெரிய குடை. கோட்டுச்சேரிச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மூடிக் கிடக்கும் ஒரு ரைஸ் மில்லின் பின்சுவரை ஒட்டி, இடுப்பு உயரத்தில் விரிந்திருந்தது. நல்ல மழை. குடைக்கு இந்தப் பக்கம் என் மகள் பவித்ரா குந்தி உட்கார்ந்திருந்தாள். தொப்பலாக நனைந்திருந்தாள். முகம் குடையின் பக்கம் திரும்பியிருந்தது. ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், இடையில் ஒரு தடவை சிரித்தாள்.

“யாருடா அது? எழுந்து வெளிய வாடா” என்றேன்.

குடை எழுந்திருக்கவில்லை.

இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதியதெல்லாம் பழைய கதை. கல்யாணம், முதல் வேலை, தலத்தெருவுக்குக் குடி வந்தது. பழசில் ஒரு வசதி உண்டு. அதில் தப்பு செய்கிறவள் வேறு யாரோ போலத் தெரிவாள். இந்த வாரம் எழுதுவது போன ஐப்பசியில் நடந்தது. அன்று கட்டியிருந்த புடவையின் கரையில் சேற்றுக்கறை இன்னும் போகவில்லை.

மில்லுக்குப் பின்னால

அந்த மில் ஓடி நான் பார்த்ததில்லை. நெல் அவித்த தொட்டிகளும், புல் முளைத்த களமும், ஒரு பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையும் மிச்சம். பின்சுவர் வடக்குப் பார்த்தது. சுவரை ஒட்டி ஒதியமரங்கள் இருப்பதால் வெயில் அந்தப் பக்கம் வருவதே இல்லை.

மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து, இங்கே விலை மலிவென்று சரக்கு வாங்க வருகிறவர்கள் பஸ் ஏறுவதற்கு முன் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து குடிப்பார்கள். அவர்கள் இல்லாத நேரத்தில் வேறு சிலர் வருவார்கள், ஜோடியாக. அதனால் எங்கள் பக்கத்தில் “மில்லுக்குப் பின்னால” என்றால் அது வெறும் இடத்தின் பெயர் இல்லை. “அந்தப் பொண்ண மில்லுக்குப் பின்னால பாத்தாங்களாம்” என்று சொன்னால் போதும், மேற்கொண்டு யாரும் விவரம் கேட்க மாட்டார்கள். இந்த ஒரு வாக்கியத்தால் நின்றுபோன கல்யாணம் எனக்குத் தெரியும். அந்த வாக்கியத்தை நானே சாப்பாட்டு வேளையில் அலுவலகத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறேன், யாரோ ஒருத்தர் வீட்டுப் பெண்ணைப் பற்றி.

என் தம்பி குமரன் கோட்டுச்சேரியில் சிமென்ட் கடை வைத்திருக்கிறான். அன்று அலுவலகத்தில் இருந்தபோது அவன் போன் செய்தான்.

“அக்கா, பாப்பா வண்டி மில்லுக்குப் பின்னால நிக்குது.”

எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினேன்.

“ஒரு குடையும் தெரியுது” என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, “பொண்ணைக் கொஞ்சம் கன்ட்ரோல்ல வெச்சுக்கக்கா” என்றான்.

இந்தச் சொல்லை எங்கள் குடும்பத்தில் அவன் மட்டும் சொல்லவில்லை. பவித்ரா பெரிய மனுஷி ஆன நாளிலிருந்து நாத்தனார், சித்தி, சம்பந்தி உறவு என்று பார்க்கிறவர்கள் எல்லாம் எனக்குச் சொன்ன புத்தி இதுதான். ஒரே பெண், கன்ட்ரோல்ல வை.

பக்கத்து இருக்கை ஜமீலா என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். வீட்டில் மோட்டாரை நிறுத்தாமல் வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்

பவித்ரா எம்.எஸ்ஸி. தாவரவியல் கடைசி வருஷம். ஆளுக்கு ஓர் ஆய்வு செய்து, துறையில் எல்லோர் முன்னாலும் நின்று பேசவேண்டும். அவள் எதை எடுத்திருக்கிறாள் என்று கேட்டேன். மாஸ் என்றாள். அப்படியென்றால் என்ன என்றேன். கொஞ்சம் யோசித்து, “பாசிம்மா” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் பாசியோடு மல்லுக்கு நிற்கிறவள். குளியலறை, கிணற்றடி, துவைக்கிற கல் என்று ஒவ்வோர் இடமாகப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பேன். ஒரு மழைக்காலத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் பிளேட் வைத்தார்கள். ஈரக்காற்று அடித்தால் அது இன்றைக்கும் வலிக்கும்.

“என் கைய ஒடிச்சதப் பத்தியா படிக்கப் போற?” என்றேன்.

“உன் கைய ஒடிச்சது வேற ஆளு” என்றாள்.

அன்று அவள் சொன்னதில் பாதிதான் என் காதில் விழுந்தது. மீதியைப் பிறகு கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கிணற்றடியில் வழுவழுவென்று படர்வதில் தண்டும் கிடையாது, இலையும் கிடையாது. சுவரில் வெல்வெட் துணி போலப் படிந்திருப்பது வேறு. உற்றுப் பார்த்தால் அதில் ஒவ்வொன்றும் தனிச் செடி. நகத்து உயரம் கூட இல்லாத தண்டு, அதைச் சுற்றிக் குட்டி இலைகள். இரண்டும் தூரத்துச் சொந்தம் என்று வேண்டுமானால் சொல்லலாம். நாம்தான் இரண்டையும் பாசி என்று ஒரே பெயரால் கூப்பிடுகிறோம்.

மூன்றாவதாக ஒரு பாசியும் உண்டு, நோன்பு திறக்க இனிப்பாகக் காய்ச்சி உறைய வைப்பது. ஜமீலாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் சிரிக்காமல் கேட்டாள். “அப்படியாக்கா? நோன்பு வரட்டும், பாப்பாவ நாலு தட்டு கடல்பாசி காய்ச்சித் தரச் சொல்லுங்க. படிச்ச புள்ள காய்ச்சினா நல்லா கட்டியா வரும்.” அலுவலகம் முழுக்கச் சிரித்தது. ஜமீலா கேலிக்குச் சொன்னதுதான், வேறு எண்ணம் கிடையாது. எனக்குத்தான் சுருக்கென்றது. அதற்குப் பிறகு யாராவது கேட்டால் மைக்ரோபயாலஜி என்று சொல்ல ஆரம்பித்தேன். ஒரு வளைகாப்பு வீட்டில் பவித்ராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அப்படிச் சொன்னேன். அவள் வளையல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் டிபன் பாக்ஸ் மூடியில் எதையோ சுரண்டி எடுத்துவந்தாள். காய்ந்து சுருண்டு, தேங்காய் நார்த் தூள் மாதிரி பழுப்பாக இருந்தது. செத்துப்போனதா என்று அவள் அப்பா கேட்டார். சாகவில்லை, காத்திருக்கிறது என்றாள். இதற்கு வேர் கிடையாது. அடியில் மயிர் போலச் சில இழைகள் உண்டு, அவை சுவரைப் பிடித்துக்கொள்ள மட்டும். நெல்லுக்கும் தென்னைக்கும் உள்ளே தண்ணீரை மேலே ஏற்றும் குழாய்கள் இருக்கின்றன. இதற்கு அதுவும் இல்லை. உடம்பு முழுக்க வாய்தான். மேலே பட்ட தண்ணீரை அப்படியே குடிக்கும். அதனால்தான் உயரமாக வளர முடிவதில்லை. தண்ணீர் நின்றுபோனால் சுருங்கி, மூச்சு விடுகிறதா இல்லையா என்று தெரியாதபடி கிடக்கும்.

சொல்லிவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். காப்பி ஆறுவதற்குள் அந்தத் தூள் ஒவ்வோர் இலையாக விரிந்து பச்சையாகிவிட்டது. அவள் அப்பா தம்ளரைக் கையில் பிடித்தபடி அசையாமல் பார்த்தார். தாளடி அறுத்த பிறகு வரிச்சிக்குடி வயல் சேற்றில் வட்ட வட்டமாகப் பச்சை ஒட்டிக் கிடக்குமே, அதுவும் இந்தச் சாதிதானா என்று கேட்டார். “அது ரிக்சியாப்பா. குழாய் இல்லாத அதே குடும்பம்தான்” என்று அவள் குதிக்காத குறையாகச் சொன்னாள்.

“அம்மா, பாரும்மா” என்று என்னையும் கூப்பிட்டாள். நான் போனில் யாருடைய சீமந்தப் படங்களையோ பார்த்துக்கொண்டிருந்தேன். ம் என்றேன்.

மழை வந்தால்

மழை வந்தால் ஊரில் எல்லோரும் வீட்டுக்கு ஓடி வருவார்கள். என் மகள் வீட்டிலிருந்து வெளியே ஓடினாள்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து இதைக் கவனித்தேன். வானம் இருட்டினால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடப்பாள். முதல் தூறல் விழுந்ததும் வண்டிச் சாவியை எடுத்துவிடுவாள்.

“எங்க போற?”

“ஃபீல்டும்மா.”

“மழையிலயா?”

“மழையிலதாம்மா.” சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பை நான் என் இஷ்டத்துக்குப் படித்தேன். திரும்பி வரும்போது முழங்கால்வரை சேறு, விரல் நுனிகளில் நீலக்கறை. துணிக்குப் போடும் சொட்டு நீலம் வாங்கி வாங்கித் தீர்ந்துகொண்டே இருந்தது. அவள் அப்பாவின் குடையையும் காணவில்லை. பஸ்ஸில் விட்டிருப்பீர்கள் என்று அவரைத் திட்டினேன். அவர் பேப்பரைப் பக்கம் திருப்பினார்.

அவள் குளிக்கும்போது துப்பட்டாவை எடுத்து மோந்து பார்த்தேன். மண் வாசனைதான் வந்தது. போனைத் திறக்க முயன்றேன், முடியவில்லை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நம்பி வாழ்வதாக வெளியில் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

அதனால்தான் குமரன் போன் செய்தபோது எனக்கு அதிர்ச்சி என்று ஒன்றும் வரவில்லை. கணக்கு சரியாக வந்துவிட்டது என்றே தோன்றியது.

கன்ட்ரோல்

குமரன் சாலையில் பைக்கோடு காத்திருந்தான். இருவரும் களத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனோம். கொட்டகையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் கத்தியதும் அவர்கள் பேச்சு நின்றது.

பவித்ரா திரும்பிப் பார்த்தாள். பிளாஸ்டிக் பையில் போட்ட போனை வாய்க்கருகில் பிடித்திருந்தாள். குறிப்பை எழுத முடியாமல் அதில் பேசிப் பதிவு செய்துகொண்டிருந்திருக்கிறாள். அது அப்போது எனக்குத் தெரியாது.

குடைக்குள் இருப்பவன் எழுந்திருக்காததுதான் எனக்கு ஆத்திரம். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு வெறுங்காலோடு போய்க் குடையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. கம்பில் வைத்துக் கட்டியிருந்தது. மறுபடி இழுத்தேன். கயிறு அவிழ்ந்து, ஒரு கம்பி ஒடிந்து, குடை கையோடு வந்தது.

அங்கே யாரும் இல்லை. சுவர் இருந்தது. சுவரில் சாக்பீஸால் ஒரு சாண் அகலத்துக்குக் கட்டம் கட்டி, அதற்கு மேலே களிமண்ணால் விரல் தடிமனில் ஒரு வரப்பு போட்டிருந்தது, மேலிருந்து வழிகிற தண்ணீர் ஒதுங்கிப் போவதற்கு. கட்டத்துக்குள் பச்சை. அதன் மேல் மழை அடித்தது. வரப்பு கரைந்து கட்டத்துக்குள் வழிந்தது.

கொட்டகையிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டுச் சொன்னார். “யம்மா, அதுக்குள்ள ஆரும் இல்லம்மா. நாங்களும் மொதல்ல அப்படித்தான் நெனச்சோம்.”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அந்த இடத்தில் யார் இருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

பவித்ரா எழுந்து வந்தாள். குரல் உடைந்திருந்தது. “அம்மா, அது என் கன்ட்ரோல்.”

எத்தனையோ வருஷமாக எனக்குச் சொல்லப்பட்ட சொல். அதை அவள் வாயிலிருந்து, குமரன் எதிரில், அந்தச் சிரிப்புக்கு நடுவில் கேட்டேன். என் கன்ட்ரோல். அப்படியென்றால் நீ யார் கேட்க என்று அவள் சொல்வதாக எடுத்துக்கொண்டேன்.

கன்னத்தில் அறைந்தேன். பிளேட் வைத்த கை. வலி முழங்கைவரை ஏறியது.

இதில் ஒன்றை மாற்றாமல் எழுதிவிட வேண்டும். குடைக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் அவளை அடிக்கவில்லை. யாரும் இல்லை, என் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அடித்தேன். அந்த மனிதர்கள் சிரித்தது என்னைப் பார்த்து. அதற்கு அவள் வாங்கினாள்.

அவள் அழவில்லை. கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த குடையை வாங்கி, ஒடிந்த கம்பியை மேலே தள்ளி விரித்து, சுவருக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை அவள் தலையில் பெய்தது.

“மாமா, அந்தக் கயித்த எடுத்துக் குடுங்க” என்றாள். குமரனிடம். என்னைப் பார்க்கவில்லை.

குமரனுக்குக் கட்டத் தெரியவில்லை. கொட்டகைப் பெரியவர் தள்ளாடிக்கொண்டே வந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். போகும்போது தரையைப் பார்த்தபடி, மழையில் நிற்க வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

“சரி விடுக்கா. ஒண்ணும் இல்லல்ல” என்றான் குமரன். அவனுக்கு நிம்மதி. ஒரு நொடி எனக்கும் நிம்மதியாக இருந்தது.

இரண்டு குடைகள்

கன்ட்ரோல் என்றால் ஆராய்ச்சியில் என்ன என்று வீட்டில் அவள் அப்பா எனக்குச் சொன்னார். எல்லாவற்றுக்கும் ஒன்றைச் செய்து பார்க்கும்போது, அதைச் செய்யாமல் ஒதுக்கி வைக்கிற ஒரு பங்கு. ஒப்பிட்டுப் பார்க்க.

அவருக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். குடை அவருடையதுதான். அவரே கொடுத்திருக்கிறார்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா போக விட்டிருப்பியா?”

மில்லுக்குப் பின்னால் என்று கேட்ட உடனே கதவைச் சாத்தியிருப்பேன். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

பிறகு அவர் விளக்கினார். வயல்காரர் என்பதால் அவருக்குத் தண்ணீர் ஓட்டத்தை வைத்துச் சொன்னால் புரியும். பவித்ராவும் அப்படித்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறாள். அந்த மாஸுக்கு பிரையம் என்று பெயர். அதில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. பூ கிடையாது, மகரந்தம் கிடையாது. ஆண் செடியிலிருந்து வரும் உயிரணுவுக்கு இரண்டு வால்கள் உண்டு. அது தண்ணீரில் நீந்தித்தான் பெண் செடிக்குப் போகவேண்டும். சுவரில் மழைநீர் ஏடு போலப் படர்ந்து வழிகிற நேரம் மட்டும்தான் அதற்கு வழி திறந்திருக்கும். ஒரு சாண் தூரம் அதற்குக் கடல். மழை நின்று சுவர் காய்ந்தால் அவ்வளவுதான். அதனால்தான் அவள் மழையில் ஓடினாள். ஆண் செடிக் கூட்டத்தின் அருகே சொட்டு நீலம் வைத்து, சுற்றிலும் வெள்ளைத்தாள் ஒட்டி, மழைத்துளி தெறித்து எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்திருக்கிறாள்.

ஆண் செடிகள் மேலே. கீழே பெண் செடிகள் மட்டும் இருக்கிற இரண்டு கட்டங்களுக்குக் குடை கட்டியிருந்தாள். பருவம் முழுக்க அவற்றில் மழை விழக்கூடாது. செடி சாகாமல் இருக்கத் தினமும் நனைத்த பஞ்சை ஒற்றிவிட்டு வருவாள். மழை படாத இடத்தில் காய் வராது என்று காட்டுவதற்காக. இரண்டாவது குடை சுவரின் கடைசியில் இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. நான் பிடுங்கியது முதல் குடை.

மறுநாள் இரண்டு புதுக் குடைகள் வாங்கி அவள் மேசையில் வைத்தேன். விலைச்சீட்டைக்கூடப் பிரிக்காமல் அவை வெகுநாள் அங்கேயே கிடந்தன. அவள் சண்டை போடவில்லை. சாப்பிட்டேன், சாவி எங்கே, வர நேரமாகும். இந்த அளவில் பேச்சு நின்றுபோனது. மன்னித்துக்கொள் என்று ஒருமுறை சொன்னேன். “சரிம்மா” என்றாள். ஒப்புகைச் சீட்டில் கையெழுத்துப் போடுகிற மாதிரி.

மாசி மாதத்தில் அவள் துறையில் பேசும் நாள் வந்தது. வீட்டார் வரலாம் என்றார்கள். நான் கடைசி வரிசையில், தூண் மறைவில் உட்கார்ந்தேன்.

என் பெண் மேடையில் அவ்வளவு தெளிவாகப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. படங்கள் இருந்ததால் எனக்கும் புரிந்தது. நம் உடம்பின் அணுக்களில் அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று என்று குரோமோசோம்கள் இரண்டு தொகுதி. நாம் சுவரில் பார்க்கிற பச்சைச் செடிக்கு ஒரே தொகுதிதான். ஆணும் பெண்ணும் சேர்ந்து உருவாகும் குழந்தைக்குத்தான் இரண்டு. ஆனால் அந்தக் குழந்தை தனியாகத் தரையில் இறங்குவதில்லை. தாய்ச்செடியின் உச்சியிலேயே கால் ஊன்றி, பெரும்பாலும் அவள் தருவதைத் தின்று, மெல்லிய காம்பாக மேலே வளர்ந்து, நுனியில் ஒரு காய் பிடிக்கும். காய் முற்றித் திறந்தால் உள்ளிருக்கும் தூள் காற்றில் பறக்கும். ஈரத்தில் விழுந்த இடத்தில் முதலில் பச்சை நூலாக ஓடி, பிறகு செடியாகும். மழையில் தொடங்கிய காரியம் வெயிலில் முடிகிறது.

கடைசியில் இரண்டு கட்டங்களையும் திரையில் காட்டினாள். கடைசிக் குடையின் கீழ் ஒன்றுமே இல்லை. முதல் குடையின் கீழ் அங்கங்கே காய்கள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் குறுக்கிட்டார். இரண்டும் ஒன்றுபோல இருந்திருக்க வேண்டும், இதில் மட்டும் எப்படிக் காய் வந்தது, குடை காற்றில் போய்விட்டதா என்று கேட்டார்.

நான் தூணுக்குப் பின்னால் இன்னும் நகர்ந்தேன்.

“காத்து இல்ல சார். நடுவுல ஒரு சாயங்காலம் மட்டும் மழை பட்டுடுச்சு. எங்க அம்மா குடைய எடுத்துட்டாங்க.”

“ஏன்?”

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். “நான் நனையுறேன்னு பதறிட்டாங்க சார். என் தலைக்கு மேல பிடிக்கிறதுக்காகப் புடுங்கிட்டாங்க.”

அறை சிரித்தது. அவ்வளவு அன்பான சிரிப்பு. யாரோ என்னைக் காட்டிக்கொடுத்தார்கள். எல்லாத் தலைகளும் திரும்பின. அந்தப் பேராசிரியர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். “ஒரு நாள் மழையே போதும்னு நிரூபிச்சது நீங்கதாம்மா. நல்ல அம்மா.”

நான் என்ன செய்தேன் என்றால், பதிலுக்குக் கும்பிட்டேன். சிரிக்கவும் சிரித்தேன். மில்லுக்குப் பின்னால் குடிகாரர்கள் சிரித்தபோது என் உடம்பு இப்படிக் கூசவில்லை.

காய்

வீட்டுக்கு வரும்போது அவள் வண்டி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“வேற எப்படிச் சொல்றது? அவங்களுக்கு வேண்டியது, குடை போச்சு, மழை விழுந்துச்சு. அது உண்மைதான்.”

“மத்தது?”

“மத்தது அவங்களுக்கு எதுக்கு?” கொஞ்ச தூரம் போனோம். “ஆனா நீ அடிச்சத நான் மறக்கலம்மா” என்றாள்.

“மறக்காத” என்றேன்.

இதை இந்தத் தொடரில் எழுதலாமா என்று பிறகு ஒருநாள் கேட்டேன். துறையில் யாராவது படித்தால் பரவாயில்லையா என்றும் கேட்டேன். “எழுது. மார்க் போட்டாச்சு” என்றாள். பாசி என்று மட்டும் எழுதாதே, மாஸ் என்று எழுது என்றாள். தலைப்பில் அதை மீறிவிட்டேன். வாயில் வேறு சொல் வரவில்லை.

துறையில் பேசிவிட்டு வந்த அன்று அவள் தலத்தெருவுக்குத் திரும்பாமல் கோட்டுச்சேரிச் சாலையில் நேராகப் போனாள். மில்லுக்குப் பின்னால் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினாள். பட்டப்பகல், சாலையில் போகிறவர்கள் பார்க்கிற மாதிரி. நானும் இறங்கி அவள் பின்னால் நடந்தேன். கொட்டகை காலியாக இருந்தது.

சுவர் காய்ந்திருந்தது. ஒடிந்த கம்பியோடு அவள் அப்பாவின் குடை இன்னும் கட்டியிருந்தது. அவள் அதை அவிழ்த்து மடக்கி ஓரமாக வைத்தாள். பிறகு லென்ஸை என்னிடம் கொடுத்தாள். கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தலையை மெதுவாகச் சுவர்ப்பக்கம் கொண்டுபோகச் சொன்னாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சட்டென்று ஒரு காடு தெரிந்தது. சிவந்த காம்புகள் நின்றன. சிலவற்றின் நுனியில் காய் தலைகுனிந்து தொங்கியது. சிலது இன்னும் ஊசி போல நிமிர்ந்து, உச்சியில் மெல்லிய குல்லாய் போட்டிருந்தது.

“அந்தத் தொப்பி?”

“அது குழந்தையோடது இல்ல, அம்மாச் செடியோட தோல். குழந்தை வளர்றப்ப அதக் கிழிச்சுத் தலையில தூக்கிட்டுப் போயிடும். எளசா இருக்கறப்ப நுனி காயாம அதுதான் காப்பாத்தும். முன்னாடியே எடுத்துட்டோம்னா காய் சரியா வராது.”

“எப்ப விழும்?”

“முத்தினா தானா விழும்.”

“விழலன்னா?”

“விழுந்துரும்மா” என்றாள். அந்த ஐப்பசிக்கு முன்பு என்னிடம் காட்டுகிற பழைய சலிப்பு குரலில் கொஞ்சம் இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு குல்லாய் சற்றே சாய்ந்து, விழுகிற மாதிரி நின்றது. பள்ளிக்கூடம் கிளம்புகிற பிள்ளையின் தலையில் ஒட்டிய நூலை எடுக்கப் போவது போல, என்னையும் அறியாமல் வலது கை எழுந்தது.

“தொடாதம்மா.”

“தொடல.”

லென்ஸை அவளிடம் கொடுத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இடது கையால் அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி, மறுபடி குனிந்தேன். லென்ஸை அவள் என் கண்ணுக்குப் பிடித்தாள்.